கிறிஸ்தவ வாலிபர் ஊழியத்தின் சரித்திரம்



பெரியோர் நால்வர் கூடுமிடத்தில் இந்நாளில் தவறாது எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. வாலிபர் வருவதில்லை, வந்தாலும் நிலைத்து நிற்பதில்லை, முன்னோர் போற்றிய பக்தியும் ஒழுக்கமும் இவர்கள் உள்ளத்தில் வேர்கொள்ளவில்லை என்பதே அது. கோயிலுடையாரும், பள்ளிவாசலுடையாரும், தேவாலயமுடையாரும் ஒருங்கே கூறும் முறைப்பாடு இது. நம்மைப் போன்ற குலச்சங்கத்தாரும் இதற்கு விலக்கல்லர். ஆயின் முறையிடுவதோடு நில்லாமல், இளையோர் உள்ளத்தில் நம்பிக்கை எவ்வாறு முளைத்து வளர்கின்றது என்பதை ஆராய்ந்து, ஒரு வழி கண்டு, அவ்வழியே நடந்து காட்டினோர் கிறிஸ்தவ சமயத்தாருள் சிலர் இருந்தனர். அவர்களுடைய சரித்திரம் ஏறத்தாழ 180 ஆண்டுகட்கு மேற்பட்டது. அதிற் பெரும்பகுதி தூரதேசங்களில் நிகழ்ந்ததாயினும், சிறந்ததொரு பகுதி நமது திருநெல்வேலிச் சீமையிலேயே நிகழ்ந்தது. எச்சமயத்தாராயினும் நம்மவர் அதனை அறிதல் நலம் பயக்கும் என்று கருதி இவ்வியாசத்தை எழுதத் துணிந்தேன்.

இங்கிலாந்து தேசத்துச் சாமர்செட் நாட்டில் 1821-ஆம் ஆண்டு ஒரு குடியானவர் இல்லத்தில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பார் பிறந்தார். சிறு பிராயத்தில் பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊரில் ஜவுளிக்கடை ஒன்றில் தொழில் கற்கச் சேர்ந்தார். அங்கேயே அவர் உள்ளம் பக்தி வழியிற் புகுந்தது. 1841-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரை அடைந்து, செயின்ட் பால் பேராலயத்தின் அண்மையில் இருந்த பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சிப்பந்தியானார். அக்காலத்தில் அந்நகரத்துக் கடைச் சிப்பந்திகளின் நிலை இரங்கத் தக்கதாய் இருந்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்குக் குறையாது நின்றவாறே வேலை செய்வர். இரவில் கடைக்கு மேலுள்ள அறைகளில் நெருங்கிப் படுத்துறங்குவர். தாய் தந்தையரையும், ஊரையும், ஊர்க்கோயிலையும் விட்டு வந்த அவ்விளைஞர்கட்கு ஓய்வுவேளை வாய்த்தால், அவர்களை அழைத்தற்கு மதுக்கடைகளும் தெருக்களுமே இருந்தன. ஆலயங்கள் இல்லாமலில்லை, அவர்கள் பெயர் சொல்லி அழைப்பார் அவ்வாலயங்களில் ஒருவரும் இல்லை.

இந்நிலைமையைக் கண்டு வில்லியம்ஸ் பிரசங்கியார் ஒருவரைத் தேடி ஓடவில்லை. தம்மோடு வேலை செய்தாரைத் தம் படுக்கை அறைக்கே அழைத்துச் சேர்ந்து ஜெபித்தார், வேதம் வாசித்தார். 1844-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள் வாலிபர் பன்னிருவர் அங்குக் கூடிக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை ஸ்தாபித்தனர். வில்லியம்ஸுக்கு அப்பொழுது வயது 22. பன்னிருவரும் ஒரே சபையைச் சார்ந்தவரல்லர். தம்முள் இணங்காத பல சபைகளிலிருந்து வந்தவர்கள். பெரியோர் எவரும் அவர்களைக் கூட்டியதுமில்லை. கடை முதலாளியான ஹிச்காக் என்பார், தம் மாடியில் சிப்பந்திகள் கூடுவதைத் தடுக்கவில்லை. நாளடைவில் அம்முயற்சிக்குத் துணையும் நின்றார். பெரியவர் ஒருவர் இளையோர்க்குச் செய்யத்தக்க முதல் உதவி, அவர்கள் கூடுதற்கு இடங்கொடுத்து விலகி நிற்றலே என்பது இதனால் விளங்கும்.

அவ்வறையில் மூட்டிய விளக்கு விரைவிற் பரவியது. 1851-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண்டத்து மான்ட்ரியால், பாஸ்டன் நகரங்களில் இச்சங்கங்கள் தோன்றின. 1852-இல் சுவிட்சர்லாந்து தேசத்து ஜெனீவாவில் தோன்றிய சங்கத்தை நிறுவினோருள் ஹென்றி தூனான் என்னும் 24 வயது இளைஞர் ஒருவர். 1855-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பல தேசத்துச் சங்கங்களின் பிரதிநிதிகள் 99 பேர் கூடி உலகக் கூட்டமைப்பை ஏற்படுத்தினர். அதற்கு முன்னின்று உழைத்தவருள்ளும் அவர் ஒருவர். இவரே பின்னாளில் சால்பெரினோ யுத்தகளத்தில் காயம்பட்டோரின் துயரங்கண்டு, செஞ்சிலுவைச் சங்கம் தோன்றக் காரணமாகி, 1901-இல் முதன்முதல் வழங்கப்பட்ட நோபல் சமாதானப் பரிசைப் பெற்ற இருவருள் ஒருவரானார். வாலிபர் சங்கத்துக் கடிதப் போக்குவரத்தையும் கூட்டங்களையும் நடத்திப் பழகிய கையே, உலகமெல்லாம் போற்றும் அவ்வேலையையும் செய்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வாறு தாமே கூடிய வாலிபர் ஒருபுறமிருக்க, சபைகட்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகள் பருவம் எய்தியதும் நழுவிப் போவதைக் கண்டு வருந்தினார் மற்றொருவர். அவர் அமெரிக்க நாட்டு மெயின் மாகாணத்துப் போர்ட்லண்ட் நகரில் குருவாயிருந்த பிரான்சிஸ் கிளார்க் என்பார். உற்சாகக் கூட்டங்களில் உருகிக் கண்ணீர் விடும் இளைஞர் சில மாதங்களில் மறைந்து போதலின் காரணம் யாதென்று அவர் ஆராய்ந்தார். நாம் அவர்களைக் கேட்போராகவே வைத்திருக்கின்றோம், செய்வோராக ஆக்கவில்லை என்பதே அவர் கண்ட விடை. 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 2-ஆம் நாள், தாமும் முப்பது வயது நிரம்பாதவராகிய அவர், தம் சபை இளையோரைத் தம் இல்லத்திற் கூட்டிக் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தை ஏற்படுத்தினார். அதிற் சேர்வோர் நாடோறும் ஜெபிப்பதாகவும், வேதம் வாசிப்பதாகவும், ஒவ்வொரு கூட்டத்திலும் வாய் திறந்து ஏதேனும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதாகவும் உறுதிமொழி கூறவேண்டும். ஒவ்வொருவரும் ஒரு சிறு குழுவிற் சேர்ந்து ஒரு வேலையை ஏற்கவேண்டும். உறுதிமொழி இத்துணைக் கடுமையாய் இருந்தால் ஒருவரும் வாரார் என்று அஞ்சுதல் இயல்பே. நிகழ்ந்ததோ வேறு. சில ஆண்டுகட்குள் அச்சங்கம் கடல்கடந்து பல தேசங்களிலும் கிளைத்தது. இளையோர்க்கு எளியதைக் கொடுத்தால் அவர்கள் அதனை மதிப்பதில்லை. அரியதைக் கொடுத்தால் அதற்காகவே வளர்கின்றனர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கல்கத்தா நகரில் 1857-ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவ வாலிபர் சங்கம் ஒன்று தோன்றியது. சென்னையில் 1890-ஆம் ஆண்டு, அமெரிக்காவிலிருந்து வந்த டேவிட் மக்கானகி என்பார் முயற்சியால் இச்சங்கம் ஏற்பட்டது. மறுவருஷத்தில் இந்தியச் சங்கங்கள் யாவும் ஒரு தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன. உயர்நீதிமன்றத்திற்கு எதிரே இன்றும் காணப்பெறும் அதன் செந்நிறக் கட்டடம் 1900-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. கிராமங்களிலிருந்து கலாசாலைப் படிப்பிற்காகவும் உத்தியோகத்திற்காகவும் சென்னை வந்து, தனித்துத் தங்கிய வாலிபர்கட்கு, சாதி சமய வேறுபாடின்றி, வாசகசாலையும், விளையாட்டும், உரையாடலும் அங்குக் கிட்டின. இலண்டன் ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் தனிமையும், சென்னைக் கச்சேரிக் குமாஸ்தாவின் தனிமையும் ஒன்றே அன்றோ?

அச்சங்கத்தின் காரியதரிசிகளுள் ஒருவராக 1895-ஆம் ஆண்டு அமர்ந்தவரே வேதநாயகம் சாமுவேல் அசரியா. இவர் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள், அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவிலும் இந்நாளில் தூத்துக்குடி மாவட்டத்திலும் அடங்கிய வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், தாமஸ் வேதநாயகம் என்னும் குருவானவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, தாயின் கண்டிப்பான வளர்ப்பில் வளர்ந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்றும், பரீட்சைக் காலத்தில் நோயுற்றமையாற் பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டமில்லாத அவ்விளைஞரை நம்பித் தென்னாட்டு ஊர்களில் வாலிபரிடையே வேலை செய்யும் பொறுப்பைச் சங்கத்தார் கொடுத்தனர். அவரும் ஊர்தோறுஞ் சென்று இளைஞரைக் கூட்டி, வேதம் கற்பித்து, வாலிபர் சங்கங்களை நாட்டி வந்தார். அமெரிக்க இளைஞராகிய ஷெர்வுட் எடி என்பாரோடு அவர் கொண்ட நட்பு இக்காலத்திலேயே முளைத்தது.

1902-ஆம் ஆண்டு அசரியா இலங்கையிலுள்ள யாழ்ப்பாணத்திற்குச் சென்றார். அங்கே அவர் கண்ட காட்சி அவர் உள்ளத்தைத் தைத்தது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், எண்ணிக்கையிற் சிறியராயினும், தம்முடைய சொந்தப் பணத்தைத் திரட்டிக் கடலுக்கு இப்பால் நம் தமிழ்நாட்டின் ஒரு பகுதிக்குத் தம்மவரையே ஊழியராக அனுப்பி வந்தனர். திருநெல்வேலிச் சபையோ நூறாண்டுகட்கு மேற்பட்ட பழமையுடையது, பல்லாயிரவரைக் கொண்டது, பள்ளிகளும் ஆலயங்களும் நிறைந்தது. எனினும், அது அந்நாள்வரை தூரதேசத்தாரிடம் கைநீட்டிப் பெற்றதேயன்றி, தன் எல்லைக்கு அப்பால் எவருக்கும் எதனையும் கொடுத்ததில்லை. பெறுதலிலேயே பழகிய பிள்ளை வயது நிரம்பியும் பிள்ளையாகவே இருக்கும். அவ்வாறே, பெறுதலிலேயே பழகிய சபையும் வளர்வதில்லை என்று அவர் கண்டார்.

ஊர் திரும்பிய அவர் வாளாவிருக்கவில்லை. 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் அன்பர் சிலருடன் கூடி இந்திய மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தினார். அப்பொழுது அவருக்கு வயது 28. இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்னும் மூன்றுமே அதன் அஸ்திவாரம். அன்னியரிடம் ஒரு காசும் பெறலாகாது என்று வரையறுத்தனர். மறுவருஷத்தில் சாமுவேல் பாக்கியநாதன் என்னும் முதல் ஊழியர், நிஜாம் சமஸ்தானத்து வாரங்கல் சீமையிலுள்ளதும் இந்நாளில் தெலங்காணா மாநிலத்திற் சேர்ந்ததுமாகிய தோர்ணக்கல் என்னும் இடத்திற்கு அனுப்பப்பெற்றார். மொழியும், குலமும், உணவும் வேறான மக்களிடத்துத் திருநெல்வேலித் தமிழர் தம் பிள்ளையை அனுப்பிவைத்தனர். 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியபொழுது, அதனை நிறுவினோருள்ளும் அசரியா ஒருவராய் விளங்கினார்.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் இருப்பது தகுமோ என்னும் கேள்வி அவரை விடவில்லை. வாலிபர் சங்கத்தில் அவருக்குப் பெயரும் நல்ல பதவியும் இருந்தன. அவற்றைத் துறந்து, 1909-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களுடன் தோர்ணக்கல் சென்று, தெலுங்கு கற்று, ஏழை மக்களிடையே வாழத் தொடங்கினார். தென்னாட்டுக் கிறிஸ்தவப் பெண்மணிகளுள் முதன்முதற் கலாசாலைக் கல்வி கற்றவருள் ஒருவரான அவர் மனைவியார் அன்பு மாரியம்மாள் அவ்வேலையிற் பெரும்பங்கு கொண்டார். தெய்வ நம்பிக்கையைப் பற்றி வாலிபர்க்குப் பதினான்கு ஆண்டுகள் போதித்தவர், அதனைத் தம் வாழ்க்கையால் எழுதிக் காட்டினார். அதனினும் சிறந்த பிரசங்கம் யாதுளது?

அங்கே அவர் கைக்கொண்ட வழக்கம் ஒன்று ஈண்டு நினைக்கத் தக்கது. எழுத்தறியாத எளியோரும் ஞானஸ்நானம் பெற்ற அப்பொழுதே தம் கையைத் தம் தலைமேல் வைத்து, தாம் பெற்ற செய்தியைப் பிறர்க்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளதாக உறுதி கூறவேண்டும். முற்றக் கற்றபின் செய்யலாம் என்று எவரையும் அவர் காத்திருக்கச் செய்யவில்லை. அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் நான்கு பேய்களாகக் காட்டி, அவற்றை ஒழித்தலும் பக்தியின் பகுதியே என்று போதித்தார். அவரிடம் வந்த மக்களுட் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் இருவகுப்பினர். பிறரால் ஒருங்கே ஒதுக்கப்பட்டிருந்தும், தம்முள் ஒருவரையொருவர் ஏற்காதிருந்த அவ்விரு வகுப்பினரையும் ஒரே ஆலயத்தில் அமர்த்துதற்கு அவர் இடைவிடாது உழைத்தார்.

இளையோரை நம்பாமையின் கேட்டினை அசரியா தம் அனுபவத்தால் அறிந்தவர். 1910-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மகாநாடு கூடியது. ஏறத்தாழ 1200 பிரதிநிதிகள் வந்திருந்த அச்சபையில் ஆசியாக் கண்டத்தினர் இருபதின்மரும் இல்லை. அங்கே 35 வயதுடைய அசரியா எழுந்து, வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையிலுள்ள உறவைப்பற்றி மனந்திறந்து பேசினார். மிஷனெரிமார் செய்த தியாகங்களை அவர் மறுக்கவில்லை. அவற்றை நன்றியுடன் சொல்லிவிட்டு, தம்மவர் வேண்டுவது உபகாரமன்று, சிநேகமே என்று முறையிட்டார். மேலிருந்து கொடுக்கும் கை எத்துணைத் தாராளமாயினும், அது தோளிற் போடும் கையாக மாறாவிடில் உள்ளம் திறவாது என்பதே அவர் பேச்சின் சாரம். கேட்டோர் சிலர் சினந்தனர், சிலர் வெட்கினர். இரண்டாண்டு கழித்து, 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தாப் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுவே முதன்முறை. இந்தியர் ஒருவரின்கீழ் ஆங்கிலேயர் வேலை செய்வரோ என்று தடுத்தாரும் உண்டு. நம்மவருள்ளேயே பொறாமையால் தடுத்தாரும் உண்டு. சென்னை அத்தியட்சர் ஹென்றி ஒயிட்ஹெட் என்பார் உறுதியாய் நின்றமையால் அத்தடைகள் நீங்கின. அசரியா 1945-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள் தோர்ணக்கல்லில் காலமானபோது, அவர் திருமண்டலத்துக் கிறிஸ்தவர் தொகை இலட்சத்தைக் கடந்திருந்தது.

வாலிபர் சங்கத்திலும் அதிகாரம் கைமாறியது. சேலத்திற் பிறந்த கே. டி. பால் 1916-ஆம் ஆண்டு அதன் அகில இந்தியப் பொதுக் காரியதரிசியானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. நகரத்து வாலிபரோடு நில்லாமல் கிராமத்து ஏழைக் குடியானவரிடத்தும் சங்கம் செல்லவேண்டும் என்று கூறிக் கிராமப் புனருத்தாரண வேலையைத் தொடங்கினார். மார்த்தாண்டத்தில் கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் கற்பித்த நிலையம் அவ்வேலையின் கிளையே. 1920-ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் தொடங்கிய தேகப்பயிற்சிக் கலாசாலை இந்நாளில் நந்தனத்தில் நடந்துவருகின்றது. நம் ஊர்ப்புறங்களில் மாலைதோறும் வாலிபர் ஆடும் வாலிபால், 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இச்சங்கத்து ஆசிரியர் மார்கன் என்பார் வகுத்த ஆட்டமே என்பதை ஆடுவோருட் பலர் அறியார். ஆன்மா, அறிவு, உடல் மூன்றும் ஒருங்கே வளரவேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

இச்சரித்திரத்திற் குறைகள் இல்லையென்று கூறுவேனல்லேன். தொடக்கத்தில் ஆடவரையே கருதினர். பெண்மக்கட்கு 1855-ஆம் ஆண்டு இலண்டனில் வேறு முயற்சி தோன்றவேண்டியிருந்தது. சில இடங்களில் விளையாட்டுத் திடலும் விடுதியும் வளர, ஜெப அறை சுருங்கியது என்று அவர்களுள்ளேயே குறை கூறினோர் உண்டு. பொறுப்பைக் கைமாற்றக் காலந்தாழ்த்தியமையும் குறையே. எனினும், எங்கெங்கே இவ்வேலை செழித்ததோ அங்கெல்லாம் மூன்று காரியங்களைக் காண்கின்றோம். இளைஞனை அழைத்தவன் மற்றோர் இளைஞன். அழைக்கப்பட்டவனுக்கு உடனே ஒரு வேலை கொடுக்கப்பட்டது. அவ்வேலை அவனுடைய வீட்டிற்கும் குலத்திற்கும் அப்பாற்பட்டதாய் இருந்தது.

மூன்றாவது காரியம் நம்மனோர்க்குச் சிறிது கசக்கும். நாம் ஒரு குலத்தின் சங்கத்தார். நம் பிள்ளைகளின் படிப்பும் விவாகமும் நம் கவலை. அது குற்றமன்று. ஆயின், திருநெல்வேலிச் சபை தனக்கே விளக்கேற்றிக்கொண்டிருந்த காலத்திலன்று, தன் பிள்ளையை வேற்றுமொழிச் சீமைக்கு அனுப்பிய காலத்திலேயே தன் பலத்தை அறிந்தது. நம் இளைஞரிடம் நம் பெருமையை மட்டும் ஒப்புவித்தால், அவர்கள் அதனைக் கேட்டுவிட்டுக் கலைந்து போவர். ஊரார் அனைவர்க்கும் பயன்படும் வேலை ஒன்றை ஒப்புவித்தால், அதற்காக நிற்பர்.

ஆதலின் பெரியோர்காள், வருகின்ற ஆண்டு விழாவிற்கு வாலிபரை வரிசையாக உட்காரவைத்து நால்வர் உபந்நியாசம் செய்வதற்குப் பதிலாக, அவ்விழாவையே அவர்கள் கையில் விடுவோம். இரவுப் பாடசாலை ஒன்றை நடத்தும் பொறுப்பையும், அதன் கணக்குப் புத்தகத்தையும், பெட்டிச் சாவியையும் அவர்களிடம் கொடுப்போம். அவர்கள் தவறுவர், நாமும் தவறியே கற்றோம். ஜவுளிக்கடை முதலாளி தம் மாடியறையைத் தடுக்காது விட்டதும், பட்டமில்லாத 21 வயது இளைஞரை நம்பிச் சங்கத்தார் வேலை கொடுத்ததும் சிறு காரியங்களே. அவற்றின் பலனை இச்சரித்திரத்திற் கண்டோம். நம் இல்லங்களிலும் அத்தகைய இளைஞர் இருக்கின்றனர். அவர்களை நம்புமாறு நம் பெரியோர்களை வணக்கத்துடன் வேண்டி இவ்வியாசத்தை முடிக்கின்றேன்.